ஏரிக்கரையும் எழுபத்திரண்டு பட்டங்களும்

மலைகள் இருந்தன, ஆறுகள் இருந்தன, ஆனால் அவற்றுக்கு நாம் இன்று சொல்லும் பெயர்கள் இன்னும் வைக்கப்படாத காலம் அது. அந்தக் காலத்தில் செங்கரடு என்றொரு சிறிய நாடு. அதை மகுடராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அரசன் கதைபோலத் தொடங்குகிறதே என்று நினைக்காதீர்கள். இது அரசனுக்கு முன்னால் கோல் பிடித்து நடந்த ஒருவனின் கதை.

அவன் பெயர் வயிரவன். அரண்மனைக் கட்டியக்காரன். அரசன் சபைக்கு வரும்போது, வெள்ளிப்பூண் போட்ட கோலைத் தரையில் மூன்று முறை தட்ட வேண்டும். பிறகு அரசனின் பட்டங்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லி, கடைசியில் "பராக்! பராக்!" என்று முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் அரசன் உள்ளே காலெடுத்து வைப்பான். வயிரவனுக்கு மணிபோன்ற குரல். அவன் வாய் திறந்தால் கோட்டை வாசலில் நிற்கிற யானைகூடக் காதை ஆட்டுவதை நிறுத்திவிடும் என்பார்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் அரசனின் பிறந்த நட்சத்திரத்தன்று அவனுடைய கட்டியத்தில் மூன்று புதிய பட்டங்கள் சேர வேண்டும். குறையக் கூடாது. அவற்றைக் கட்டித் தருவதும் வயிரவன் வேலைதான்.

முதலாண்டு அது எளிதாக இருந்தது. மகுடராயன் அப்போது இளைஞன், நல்ல துடிப்பானவன். பஞ்சம் வந்தபோது களஞ்சியத்தைத் திறந்துவிட்டான். மலைப்பாதையில் கள்வர்களை விரட்டினான். தாயாதிகளோடு இருந்த பழைய பகையைப் பேசித் தீர்த்தான். வயிரவன் மூன்றையும் மூன்று பட்டங்களாக்கினான். "களஞ்சியம் திறந்தவர், கள்வரை விரட்டியவர், பகை தீர்த்தவர்." சபையில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். எல்லாம் அவர்கள் கண்ணால் பார்த்ததுதானே!

ஆனால் அரசனும் மனிதன்தான். ஆண்டுதோறும் கணக்காக மூன்று அருஞ்செயல் செய்ய யாரால் முடியும்? ஐந்தாம் ஆண்டில் இரண்டுதான் தேறின. எட்டாம் ஆண்டில் ஒன்று. பத்தாம் ஆண்டில் அரசனுக்குச் சளி பிடித்துப் பாதி ஆண்டு படுக்கையிலேயே போய்விட்டது. ஆனாலும் மூன்று பட்டங்கள் வேண்டுமே. வயிரவன் வெற்றிலையை மென்றபடி ஒரு பகல் முழுக்க யோசித்தான். பிறகு, "இருமலால் இடியை அடக்கியவர்" என்று ஒன்றைக் கட்டினான்.

யாராவது சிரித்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டேதான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அரசன் தன் கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டான்.

புகழ்வதற்கு நம் பேச்சில் எத்தனை சொற்கள் இருக்கின்றன, பாருங்கள். ஒருவன் செய்ததைச் செய்தபடி சொன்னால் பாராட்டு. அதில் கொஞ்சம் நெய் விட்டால் முகத்துதி. நெய் வழிந்தால் இச்சகம். அதற்குமேல் போனால் காக்காய் பிடிப்பது, தூபம் போடுவது, ஜால்ரா தட்டுவது, வால் பிடிப்பது என்று நாம் அடுக்கிக்கொண்டே போகலாம். ஒரு குற்றத்துக்கு ஒரு மொழியில் இத்தனை பெயர் இருந்தால், அந்தக் குற்றம் அங்கே எவ்வளவு நாளாக நடந்துவருகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மகுடராயன் சபையில் மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். மந்திரி தூபம் போடுவார். அரசன் எதைச் சொன்னாலும் அதில் ஒரு தெய்வாம்சத்தைக் கண்டுபிடிப்பார். சோதிடர் ஜால்ரா தட்டுவார். மந்திரி சொல்லி முடிக்குமுன்பே "ஆகா, ஆகா" என்பார். தளபதிக்கு அவ்வளவு பேச்சு வராது. அவர் வெறுமனே ஆமாம் போடுவார். ஆனால் மீசையை முறுக்கிக்கொண்டு போடுவதால் அதற்குத் தனி மதிப்பு இருந்தது.

அரசன் கெட்டவன் இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டுகளில் அவன் புகழுக்குக் கூச்சப்பட்டான். பிறகு கூச்சப்படாமல் கேட்டுக்கொண்டான். பிறகு கேட்காவிட்டால் சோறு இறங்காத நிலைக்கு வந்துவிட்டான்.

ஒருநாள் மந்திரி எழுந்து ஒரு சட்டம் சொன்னார். "சபையில் கட்டியமாகச் சொல்லப்பட்ட பட்டம் மெய்யே ஆகும். அதற்கு மாறாக எவன் பேசினாலும் அவன் அரசரைப் பொய்யர் என்கிறான். அவனுக்குச் சிறை." சோதிடர் "ஆகா" என்றார். தளபதி மீசையை முறுக்கினார். அரசன் முத்திரை வைத்தான்.

வயிரவனுக்கு அன்று நெஞ்சு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. இதுவரை அவன் கட்டிய பட்டங்கள் காற்றில் போகிற ஓசைகள். இனி அவை சட்டம். ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை. நமக்கென்ன, நாம் சொல்லுக்குச் சொல் கட்டுகிறவன்தானே என்று தன்னையே தேற்றிக்கொண்டான்.

இருபத்திரண்டாம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டு அவன் கட்டிய மூன்று பட்டங்கள் இவை. "பசி நுழையா நாட்டின் பதி. பாம்பு தீண்டா நாட்டின் பதி. கரை உடையா ஏரியின் அதிபதி." ஓசை அருமையாக விழுந்தது. வயிரவனே இரண்டு முறை சொல்லிப் பார்த்து மகிழ்ந்துபோனான். அரசன் அவனுக்கு மேட்டுப் பகுதியில் ஒரு வீடு கொடுத்தான்.

இனி அந்தப் பட்டங்கள் நாட்டுக்குள் நடந்துபோன கதையைக் கேளுங்கள்.

முதல் பட்டம் கோட்டை வாசலுக்குப் போனது. அங்கே ஒரு பிச்சைக்காரன் "பசிக்குது சாமி" என்றான். காவலன் பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினான். அன்றிலிருந்து செங்கரட்டுப் பிச்சைக்காரர்கள், "விருந்துக்கு வந்திருக்கிறோம்" என்று சொல்லித்தான் கையேந்த வேண்டியிருந்தது. விருந்துக்கு வந்தவர்களுக்கு யார் பிச்சை போடுவார்கள்? பலர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாவது பட்டம் வைத்தியர் வீட்டுக்குப் போனது. பாம்பு தீண்டாத நாட்டில் பாம்புக்கடி வேர் எதற்கு என்று மந்திரியின் ஆட்கள் கேட்டார்கள். அதை வைத்திருப்பதே அரசரை மறுப்பதாகும் என்றார்கள். வைத்தியர் மூட்டையோடு தூக்கி ஆற்றில் போட்டார்.

அந்த அறுவடையில்தான் அது நடந்தது. வயிரவனுக்கு ஒரே மகள், உமையாள். பேரேரிக்குக் கீழே இருக்கும் தாழையூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் கொழுந்தன் மருதப்பனை நெற்கட்டுக்கு அடியில் கிடந்த நாகம் கடித்துவிட்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினார்கள். வைத்தியர் கைகளைப் பிசைந்தார். "முள்ளு குத்திச்சுன்னு சொல்லுங்க, முள்ளுக்கு மருந்து தாரேன்" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். பொழுது சாய்வதற்குள் மருதப்பன் போய்விட்டான். இருபது வயது அவனுக்கு.

சாவுக்கு வயிரவன் போனான். உமையாள் தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அவள் அவன் வீட்டு வாசல் மிதிக்கவும் இல்லை.

வயிரவன் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? அடுத்த ஆண்டும் மூன்று பட்டங்கள் கட்டினான். அதற்கு அடுத்த ஆண்டும் கட்டினான். பட்டங்கள் எழுபத்திரண்டு ஆயின. கட்டியம் சொல்லி முடிக்க ஒரு நாழிகை பிடித்தது. அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. வழி இருந்தது, அவன் பார்க்கவில்லை என்று சொல்வதுதான் சரி.

மூன்றாவது பட்டம் ஏரிக்குப் போனது.

தாழையூர் முழுக்க அந்தப் பேரேரியின் மடியில்தான் இருந்தது. ஆண்டுதோறும் மழைக்கு முன்னால், ஆடி மாதத்தில், வீட்டுக்கு ஓர் ஆள் கூடையோடு கரைக்கு வருவது தொன்றுதொட்டு வந்த முறை. நண்டு வளைகளையும் எலிப் பொந்துகளையும் தேடித் தேடி அடைப்பார்கள். களிமண் கொட்டி மிதிப்பார்கள். இளைத்த கரையைத் தடிக்க வைப்பார்கள். அந்த நாட்கள் ஊருக்கே திருவிழாபோல இருக்கும்.

பட்டம் வந்த ஆண்டு, ஆட்கள் கூடையோடு கிளம்பும்போது மந்திரியின் ஓலை வந்து நின்றது. "கரை உடையா ஏரிக்கு மண் எதற்கு? மண் சுமப்பவன் கரை உடையும் என்று நினைக்கிறான். நினைப்பவன் அரசரை மறுக்கிறான்." ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கூடைகளைக் கொண்டுபோய் அவரவர் வீட்டில் மாட்டிவிட்டார்கள். அந்த ஆண்டு மழை குறைவு, கரை தாங்கியது. அடுத்த ஆண்டும் குறைவு, தாங்கியது. மந்திரி, "பார்த்தீர்களா!" என்றார்.

மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் விடவில்லை.

கரைக்கு வெளிப்புறம் ஓரிடத்தில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. ஏரியோடு வாழ்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். ஊறுகிற நீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரைக்குள்ளே மண் கரைகிறது, கரை அதிக நாள் நிற்காது. ஏழாம் நாள்வரை தெளிவாக ஊறிய தண்ணீர் எட்டாம் நாள் காலையில் செம்மண் நிறத்தில் வந்தது.

ஊராருக்குத் தாங்களே மண் சுமக்கப் பயம். கரைமேல் மந்திரியின் காவலர்கள் ஈட்டியோடு நின்றார்கள். ஆகையால் அரசனிடம் ஆளனுப்பினார்கள்.

முதலில் ஊர்த்தலைவர் கோனேரி போனார். நேரானவர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். சபையில் நின்று, "அரசே, ஏரிக்கரை உடையப் போகுது. ஊரைக் காப்பாத்துங்க" என்றார். "கரை உடையா ஏரியின் அதிபதி முன்னால் நின்று இந்தப் பேச்சா?" என்று மந்திரி எழுந்தார். கோனேரியை அப்படியே சிறைக்கு இழுத்துப்போனார்கள்.

இரண்டாவதாக நாகலிங்கம் போனார். ஊரில் ஓலை எழுதித் தருகிறவர், நெளிவு சுளிவு தெரிந்தவர். நேராகச் சொன்னால் சிறை என்று புரிந்துகொண்டு சர்க்கரை பூசிச் சொன்னார். "அரசே! தங்கள் திருமுகத்தைக் காண வேண்டுமென்று பேரேரிக்கே ஆசை வந்துவிட்டது. கரையைத் தாண்டி ஊருக்குள் வரத் துடிக்கிறது." அரசனுக்கு உச்சி குளிர்ந்தது. "ஏரிக்கும் என்மேல் இவ்வளவு அன்பா! வரட்டும், வரட்டும், யாரும் தடுக்க வேண்டாம்" என்றான். நாகலிங்கத்துக்கு ஒரு பட்டுத் துண்டு போர்த்தி அனுப்பினார்கள். அவர் நனைந்துகொண்டு ஊர் வந்து சேர்ந்து, அந்தத் துண்டை எல்லார் முன்னாலும் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாவதாகக் கிளம்பியது உமையாள். அவள் அரண்மனைக்குப் போகவில்லை. மேட்டில் இருந்த தகப்பன் வீட்டுக்குப் போனாள்.

ஒன்பதாம் நாள் உச்சிவேளை. சபைக்குப் புறப்படத் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்த வயிரவன், வாசலில் சொட்டச் சொட்ட நின்ற மகளைப் பார்த்ததும் கட்டுவதை நிறுத்திவிட்டான்.

"வாம்மா, உள்ள வா" என்றான்.

"உள்ள வர நேரமில்லப்பா. கரை கலங்கி ஊறுது. இன்னிக்குத் தாங்குனா நாளைக்குத் தாங்காது."

வயிரவனுக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான். "மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு இப்பவே இங்க வந்துரு. இந்த வீடு மேட்டுல இருக்கு. தண்ணி எட்டாது."

"எங்களக் கூட்டிக்கலாம். ஊர எங்க கொண்டாந்து வைப்பீங்க?"

அவன் தலை குனிந்தான்.

"அப்பா, உங்க வாயில வந்த ஒரு சொல்லு எங்க வீட்டுல ஒரு உசிரக் கொண்டுபோச்சு. நான் ஊருக்குள்ள யார்கிட்டயும் உங்களக் குறை சொன்னதில்ல. மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டேன். இப்பக் கேக்குறேன். இன்னும் எத்தன உசிரு வேணும் உங்க பட்டத்துக்கு?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவன் தாங்கியிருப்பான். வந்த வேகத்தில் திரும்பி மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள். வயிரவன் கட்டிய தலைப்பாகை பாதியில் அவிழ்ந்து தோளில் கிடந்தது. அவன் அதைக் கவனிக்காமலே கோலை எடுத்துக்கொண்டு அரண்மனைக்கு நடந்தான்.

வழியெல்லாம் அவனுக்கு மருதப்பன் முகம்தான். உண்மையைச் சொன்னால் சிறை. இந்த வயதில் அந்த ஈரக் கொட்டடியில் கிடந்தால் உயிரோடு திரும்ப மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் வீடு இருக்கும், மாலை இருக்கும், மகள் இருக்க மாட்டாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பீர்கள். இருபது ஆண்டு பொய் சொல்லிப் பழகிய நாக்குக்கு மெய் சொல்வது எவ்வளவு பாரம் என்று அவனுக்குத்தான் தெரியும்.

சபை கூடியது. அரசன் வாசலில் வந்து நின்றான். வயிரவன் கோலை மூன்று முறை தட்டினான்.

"களஞ்சியம் திறந்தவர். கள்வரை விரட்டியவர். பகை தீர்த்தவர்."

அவ்வளவுதான். நிறுத்திவிட்டான்.

சபை காத்திருந்தது. அரசன் தூக்கிய காலைக் கீழே வைத்தான். "என்ன வயிரவா, மறந்துவிட்டதா?" என்றான்.

"மறக்கவில்லை, மன்னா. இந்த மூன்றும் உங்களுடையவை. மற்றவற்றில் பெரும்பாலானவை நான் கட்டியவை, வெற்றிலை மென்றுகொண்டு. பாம்பு தீண்டா நாடு என்று நான் சொன்ன பிறகு என் சம்பந்தி மகன் பாம்பு கடித்துச் செத்தான். கரை உடையாது என்று நான் சொன்னதால் மூன்று ஆண்டுகளாகக் கரையில் ஒரு கூடை மண் விழவில்லை. இப்போது உடையப் போகிறது. நான் பொய் சொன்னேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மணிபோன்ற அந்தக் குரல் அன்று கம்மிப்போய்க் கடைசி வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை.

மந்திரி துள்ளி எழுந்தார். "சிறை! இவனுக்குச் சிறை!"

"சிறை போதாது" என்றான் வயிரவன். "கரை கசிகிற இடத்துக்கு நேர் கீழே ஒரு கல்தூண் இருக்கிறது. அதில் என்னைக் கட்டிப் போடுங்கள். நாளை உச்சிவரை கரை நின்றால் நான் சொன்னது பொய், அப்புறம் எந்தத் தண்டனையும் கொடுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடாமல் இருக்க, அந்தப் பட்டத்தை நம்புகிற ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்."

அரசனுக்கு அது நியாயமாகப் பட்டது. கோபத்திலும் ஒரு சிரிப்பு வந்தது. "இந்தச் சபையில் நம்பாதவர் யார்? மந்திரியாரே, நீர் போய் உட்காரும்" என்றான்.

மந்திரி எழுந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "கரை உடையாது அரசே, உடையவே உடையாது. ஆனால் காலையிலிருந்து எனக்கு வயிற்றில் ஒரு பிடிப்பு. ஈரத்தில் உட்கார வைத்தியர் வேண்டாமென்றார்."

"அப்படியானால் சோதிடரே, நீர்?"

"ஆகா" என்று தொடங்கிய சோதிடர் பாதியில் விழுங்கினார். "கரை மலைபோல நிற்கும், ஐயமே இல்லை. ஆனால் இன்று அந்தத் திசைக்குச் சூலம். நான் போனால் அரசருக்கல்லவா ஆகாது!"

"தளபதி, நீ?"

தளபதி மீசையைத் தொட்டார். முறுக்கவில்லை. "குதிரைக்கு லாடம் கழன்றுவிட்டது, அரசே" என்றார்.

"நடந்து போகலாமே" என்றான் அரசன்.

சபையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் திடீரென்று தரையில் பார்க்க ஏதோ இருந்தது.

அரசன் வாசற்படியிலேயே நின்றான். இவர்கள் யாரும் நம்பவில்லை. இத்தனை ஆண்டுகள் ஒருவரும் நம்பவில்லை. அந்த நினைப்பு அவனைச் சுட்டது. சரி, நான் நம்பினேன் அல்லவா, நானே போய் உட்கார்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். கலங்கிய நீர் ஊறும் கரைக்குக் கீழே தான் உட்கார்ந்திருப்பதை அவன் மனத்தில் பார்த்தான். கால் மறுத்தது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது, தானும் நம்பவில்லை என்று. கேட்க இனிமையாக இருந்ததால் கேட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அந்த வெட்கத்தில் அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வயிரவா, கரைக்குப் போக எவ்வளவு நேரமாகும்?"

"குதிரையில் போனால் ஒரு நாழிகை, மன்னா. மிச்சக் கட்டியத்தைச் சொல்லி முடிக்கவும் ஒரு நாழிகை."

"அது வேண்டாம். கிளம்பு" என்றான் அரசன்.

மகுடத்தைக் கழற்றி அரியணையில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கினான். கோட்டையில் கிடைத்த ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டார்கள். கரைக்குப் போனதும் அரசனின் ஆள் ஒருவன் காவலர்களை விலக்கி, "மண் சுமக்கலாம், அரசர் ஆணை" என்று கத்தினான். தாழையூர் திமுதிமுவென்று கரைக்கு ஓடிவந்தது. கலிங்குப் பலகையை அகற்றி நீரை வடியவிட நாலு பேர் அந்தப் பக்கம் ஓடினார்கள். ஏரிக்குள் முங்கிப் பார்த்தவர்கள் நீரைக் கரைக்குள் இழுத்த நண்டு வளையின் வாயைக் கண்டுபிடித்தார்கள். வைக்கோற்புரியைத் திணித்து, மேலே களிமண் கொட்ட, கைக்குக் கை கூடை மாற வரிசை நின்றது.

அந்த வரிசையில் போய் நின்றான் மகுடராயன். ஊரார் யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. தெரிய வழியில்லை. இத்தனை ஆண்டுகளாக அவர்கள் பார்த்ததெல்லாம் பல்லக்குத் திரையைத்தான். மகுடம் இல்லாமல், சேற்று வேட்டியோடு நின்ற ஆள், கோட்டையிலிருந்து வந்த எத்தனையோ பேரில் ஒருவன்.

அவனுக்கு அடுத்து நின்றது உமையாள்.

"அண்ணே, கூடையை விளிம்புல பிடிக்காதீங்க. பாதி மண்ணு தரையிலதான் கெடக்கு. அடியில கையக் கொடுங்க" என்றாள்.

அரசன் அடியில் கை கொடுத்தான்.

"காலை அகட்டி நில்லுங்க. வழுக்குனா நீங்க மட்டுமா விழுவீங்க, வரிசையே விழும்."

அரசன் காலை அகட்டி நின்றான். அவள் மூன்றாம் முறையும் ஒரு குறை சொன்னாள், அதையும் சரிசெய்தான். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேச யாருக்கும் நேரமில்லை. சற்றுத் தள்ளி, கழுத்தளவு நீரில் நின்று களிமண்ணை மிதித்துக்கொண்டிருந்தான் வயிரவன். அவன் கோல் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

நடுவே மேற்குக் கோடியில் கரை கொஞ்சம் பிய்த்துக்கொண்டது. பள்ளத்து வயல்கள் நாற்றோடு முழுகின, இரண்டு மாட்டுக் கொட்டில்கள் போயின. ஆனால் பெருங்கரை நின்றது. மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஊற்று மெல்ல மெல்லத் தெளிந்தது. தெளிந்த தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்த பெரியவர் ஒருவர் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

உமையாள் ஒரு சட்டியில் கஞ்சி கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றினாள். தனக்குப் பக்கத்தில் நின்று சுமந்த ஆளுக்கும் ஊற்றினாள். அவன் கைகள் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தன.

"பரவாயில்லண்ணே. மொதல்ல தடுமாறுனீங்க, அப்புறம் நல்லாத்தான் தூக்குனீங்க" என்றாள்.

அரசன் கஞ்சியை வாயருகே கொண்டுபோனவன் நிறுத்தினான். "நெஜமாவா சொல்றே?" என்றான்.

உமையாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பின்ன? உங்ககிட்டப் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகணும்? நீங்க என்ன, ராசாவா?"

மகுடராயனுக்குக் கஞ்சி இறங்கவில்லை. சட்டியைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். மழை தூறிக்கொண்டிருந்ததால் அவன் அழுதது அவளுக்குத் தெரியவில்லை. நீரிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த வயிரவனுக்குத் தெரிந்தது.

மறுநாள் அரசன் தானே போய்ச் சிறைக் கதவைத் திறந்து கோனேரியிடம் மன்னிப்புக் கேட்டான். பட்டங்களுக்கு மாறாகப் பேசக் கூடாது என்ற சட்டத்தைக் கிழித்தான். வைத்தியர் மறுபடி மலையேறி வேர் தோண்டினார். மந்திரிக்கு வயிற்றுவலி தீரும்வரை சொந்த ஊரில் இருக்கும்படி உத்தரவாயிற்று. அது தீரவே இல்லை.

வயிரவன் தனக்குத் தண்டனை கேட்டு நின்றான். "நீ சொன்னாய், நான் கேட்டேன். தண்டனை என்றால் இருவருக்கும்தான்" என்றான் அரசன். அதன்பிறகு ஒவ்வோர் ஆடியிலும் தாழையூர்க் கரையில் அவர்கள் இருவரும் எல்லாரோடும் நின்று மண் சுமந்தார்கள்.

உமையாள் தகப்பனோடு மீண்டும் பேசினாள். பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தாள், பிள்ளைகளை அவன் மடியில் விட்டாள். ஆனால் மருதப்பன் இறந்த நாள் வரும்போதெல்லாம் வயிரவன் யாரோடும் பேசாமல் உமையாள் வீட்டு முற்றத்தில் போய் ஒரு பகல் முழுதும் உட்கார்ந்திருப்பான். எழுபத்திரண்டு பட்டம் கட்டத் தெரிந்தவனுக்கு மருதப்பனின் தாயிடம் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் நல்லவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: இல்லாததைச் சொல்லிப் புகழ்கிறவனும் அதை இனிக்கிறதென்று கேட்டுக்கொள்கிறவனும் சேர்ந்து, அந்தப் புகழில் பங்கே இல்லாத எளியவர்களின் உயிருக்குத்தான் உலை வைக்கிறார்கள்.